குதிக்காத விளையாட்டுகள்

ஐப்பசி மழை மொட்டைமாடியை எடுத்துக்கொண்டது.
பலூன் கட்டிய கொடிக்கயிறும் அதோடு போயிற்று.
பதினொரு பிள்ளைகள்,
பத்துக்குப் பன்னிரண்டு அறை,
ஒரு மின்விசிறி, ஒரு கேக்,
கீழே குற்றாலலிங்கம் சார்.

பெருமாள்புரத்தில் மாடி வீடு கிடைப்பது பாடு.
சாவி தரும்போதே சொல்லியிருந்தார்:
தண்ணி ஒருநேரம், சுவத்துல ஆணி கூடாது,
மேல திம்முதிம்முன்னு கேக்கப்படாது.
அதனால் நாற்காலி சுற்றும் ஆட்டத்தை
முதல் வரியிலேயே அடித்துவிட்டேன்.
மிஞ்சியவை எல்லாம்
உட்கார்ந்து ஆடுகிறவை.

தட்டில் இருபது சாமான் பரப்பினேன்.
ஊக்கு, பூட்டு, பச்சைமிளகாய்,
ஜங்ஷன் பஸ் டிக்கெட், செத்துப்போன பேட்டரி...
ஒரு நிமிஷம் பார்க்கவிட்டுத் துண்டால் மூடி
எழுதுங்கடே என்றேன்.
சபீனா பத்தொன்பது எழுதினாள்.
என் மகன் இசக்கிராஜ் நாலு எழுதிவிட்டு
ஐந்தாவதாகத் "துண்டு" என்று போட்டான்.
அதற்கும் மார்க் கொடுத்தேன்.
பிறந்தநாள்காரன், அதோடு
அவன் சொன்னது பொய்யும் இல்லை.

சிரிக்காமல் முகம் பார்க்கும் ஆட்டம்
மூன்று நிமிஷம்கூடத் தாங்கவில்லை.
தரையில் டொக் டொக்.
கீழிருந்து துடைப்பக்கட்டை.
பதினொரு வாயும் பதினொரு கையால் மூடியிருக்க
சிரிப்பு மூக்கு வழியாக வந்தது.

சரி, சத்தமே இல்லாத ஒன்று.
காதில் சொல்லி, காதில் சொல்லி,
கடைசி ஆள் மட்டும் வாய்விட்டுச் சொல்லணும்.
இசக்கி தொடங்கினான்:
"கீழ்வீட்டு சாரு தூங்குதாரு."

எட்டாவது காதுக்கு அது போகையில்
கதவு தட்டப்பட்டது.
ஈர வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.
"என்ன நடக்கு இங்க?"
நான் வாய் திறக்குமுன்
வரிசைக் கடைசி ஜெபர்சன்,
வாயில் சூடாக வைத்திருந்த வாக்கியத்தை
எங்கே இறக்குவது என்று தெரியாமல்
முக்காலி மேல் ஏறி
அவர் காதில் இறக்கினான்.

ஆட்டத்தின் விதி அவருக்கு எப்படித் தெரிந்ததோ,
உரக்கச் சொன்னார்:
"கீரி கடிச்ச சாரு துள்ளுதாரு?"

அறை உருண்டது.
"யாரு அது, எந்தத் தெருடே?" என்று வேறு கேட்டார்.
அதற்குப் பிறகு யாரையும் அடக்க முடியவில்லை.
கேக் வெட்டிக் கொடுத்தேன்.
உட்கார்ந்தார்.

பன்னிரண்டு சீட்டு எழுதினேன்.
ராஜா ஆயிரம், ராணி ஐநூறு,
மந்திரி, போலீஸ்.
அரண்மனையில் பதவி போதாமல்
தாசில்தார், கண்டக்டர், அல்வா மாஸ்டர்,
லைன்மேன் வரைக்கும் ஆள் எடுத்தேன்.
திருடனுக்குப் பூஜ்யம்.

போலீஸ் பிரின்ஸி முகம் முகமாக நடந்தாள்.
திருடன் சீட்டு விழுந்தால்
இந்த வயதில் காது சிவந்துவிடும்.
ஒரு காதும் சிவக்கவில்லை.
அப்சலைப் பிடித்தாள், அவன் கண்டக்டர்.
மாகாளியைப் பிடித்தாள்,
கேக் கிரீம் மீசையோடு இருந்த அவன்தான் ராணி.
சார் மட்டும் மடித்த சீட்டு மடித்தபடி
மென்றுகொண்டே இருந்தார்.
"நீங்க தாசில்தாரா சார்?"
"இருக்கும்" என்றார்.
பிரின்ஸிக்கு அதற்குமேல்
கேட்கப் பயம்.

ராத்திரி கூட்டிப் பெருக்கி எண்ணினேன்.
பதினொரு சீட்டுதான் இருந்தது.

ஐந்தாம் தேதி வாடகை ரசீது
கதவடியில் வந்தது.
பின்பக்கம் ஒரு வரி:
அடுத்த மாதம் முதல் ஐநூறு கூடும்.
குண்டூசியில் குத்தியிருந்த சிறு தாளில்
என் கையெழுத்தில், என் பேனாவில்
"திருடன்".

இசக்கி எட்டிப் பார்த்தான்.
விரல் விட்டு எண்ணினான்.
நியாயம் தவறிய ஆட்டத்தைக் கண்ட முகம்.
"ஐநூறு ராணிக்குல்லாம்மா?"